வன்னியிலிருந்து சுற்றாடல், சுகாதாரச் செய்தி எழுதி விருதுக்கும் அனுப்புவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

வன்னியிலிருந்து பத்திரிகைக்கும் இணையத்துக்கும் எழுதுகிற இளம் ஆட்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி: "சுற்றாடல் பற்றி எழுதினால் விருது கிடைக்குமாமே, எங்கே விண்ணப்பிக்கிறது?" விண்ணப்பம் போடுவது ஒரு பின்னேர வேலை. அதோடு சேர்த்து அனுப்ப ஒரு கட்டுரை வேண்டுமே, அதுதான் மாதக்கணக்கான வேலை. எந்த விருதாக இருந்தாலும் நடுவர்கள் சுற்றிச் சுற்றிப் பார்ப்பது மூன்று விடயம்: வேறு யாரும் சொல்லாத எதைக் கண்டுபிடித்தீர்கள், அதற்கு என்ன ஆதாரம், எழுதிய பிறகு என்ன நடந்தது. முதலாவது எங்களிடம் தாராளமாக இருக்கிறது. கொழும்பிலிருந்து வருகிறவர் இரண்டு நாள் நின்றும் காண முடியாததை நீங்கள் தினமும் காண்கிறீர்கள். இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான் நாங்கள் பின்தங்குகிறோம். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் ஆதாரம் சேர்ப்பதும், ஒரே விடயத்தைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பதும்தான். விருதுகளின் பெயர்கள் 10ஆம் பகுதியில் வருகின்றன.

1. ஒரு விடயத்தைப் பிடியுங்கள், ஒரு வருடத்துக்கு விடாதீர்கள்

ஒரு கிழமை யானை, அடுத்த கிழமை டெங்கு, அதற்கடுத்த கிழமை மணல் என்று ஓடினால் செய்தி எண்ணிக்கை கூடும், ஆனால் எதிலும் ஆழம் இருக்காது. தினச்செய்தியை நிறுத்தச் சொல்லவில்லை, அதுதான் சாப்பாடு போடுகிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு கொப்பி வைத்து, ஒரே ஒரு விடயத்தை ஒரு காலபோகமும் (மாரி நெற்செய்கை) ஒரு சிறுபோகமும் (கோடை நெற்செய்கை) தாண்டும் வரைக்கும் பின்தொடருங்கள்.

எதை எடுப்பது? வன்னியில் பஞ்சமே இல்லை. 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியபோது இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் எப்போது, யார் சொல்லித் திறக்கப்பட்டன என்ற கேள்வி பெரிதாக எழுந்தது. ஒவ்வொரு பெருமழைக்கும் அதே கேள்வி எங்கள் சிறு குளங்களுக்கும் பொருந்தும்: கட்டு பலமாக இருக்கிறதா, கீழே இருக்கிற குடும்பங்களுக்கு யார் அறிவிப்பது, 2025 நவம்பரில் டித்வா புயல் வந்துபோன பிறகு எது திருத்தப்பட்டது, எது அப்படியே கிடக்கிறது?

சிறுநீரக நோயை எடுக்கலாம். 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த அந்தக் காரணம் தெரியாத நீண்டகாலச் சிறுநீரக நோய் வவுனியாவிலும் முல்லைத்தீவின் தெற்கு எல்லைக் கிராமங்களிலும் ஆட்களைப் பிடித்திருக்கிறது. நிலத்தடி நீரின் புளோரைட்டும் கடினத்தன்மையும், களைகொல்லி, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் செய்கிற கமவேலை என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன, எதுவும் தனியாக முடிவாகவில்லை. மருத்துவர்களே முடிவு சொல்லாத இடத்தில் நீங்கள் காரணம் எழுதப் போகாதீர்கள். ஆனால் இரத்தச் சுத்திகரிப்புக்கு ஒரு கமக்காரர் எத்தனை பஸ் மாறிப் போகிறார், ஊருக்குக் கொடுத்த ஆர்.ஓ. நீர் நிலையத்தின் (நீரிலிருந்து உப்பைப் பிரித்தெடுக்கிற நிலையம்) வடிகட்டியை யார் மாற்றுகிறார், அந்த நிலையம் கழிக்கிற உப்புநீர் எங்கே போகிறது, இவற்றை நீங்கள் எழுதலாம். எழுத வேண்டும்.

யானையும் அப்படித்தான். 2023இல் மட்டும் நாடு முழுவதும் 400க்கு மேல் யானைகள் இறந்தன, 150க்கு மேல் மனிதர்களும் இறந்தார்கள். இறந்த எண்ணிக்கையை எல்லோரும் எழுதுவார்கள். உங்கள் ஊர் மின்சார வேலி எந்தப் பக்கம் போடப்பட்டது, காட்டின் ஓரத்திலா நடுவிலா, மின்கலம் வேலை செய்கிறதா, புல் வெட்டுவதற்கு யாருக்குச் சம்பளம் என்று பார்க்க ஆள் இல்லை.

மன்னார் பக்கம் இருப்பவர்களுக்குக் காற்றாலை. 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனி காற்றாலை 30 காற்றாடிகளோடு தீவின் தென்கரையில் நிற்கிறது. இந்தியாவின் அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் தன் திட்டத்திலிருந்து விலகியது, அதே ஆண்டில் வேறு காற்றாடிகளுக்கு எதிராக மன்னார் மக்கள் வீதியில் இறங்கினார்கள். பக்கத்தில் வங்காலை சரணாலயம், 2010இலிருந்து ராம்சார் ஈரநிலம் (சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலம்), பருவத்துக்கு வருகிற பறவைகளின் தங்குமிடம். மழைநீர் முன்பு எந்த வழியால் கடலுக்கு வடிந்தது, இப்போது எங்கே தேங்குகிறது என்பதை ஊர்ப் பெரியவர்களோடு நடந்து பார்த்துக் குறிக்கிற ஒருவருக்கு அங்கே ஒரு வருடத்துக்கான வேலை இருக்கிறது.

கண்ணிவெடி அகற்றலும் சுற்றாடல் செய்திதான். கண்ணிவெடிகளைத் தடைசெய்கிற ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017இல் சேர்ந்தது, அகற்றி முடிக்க வைத்த கெடு 2028. அகற்றி ஒப்படைத்த காணியில் இப்போது என்ன நடக்கிறது, கமமா, காடு வளர்க்கிறார்களா, அல்லது இன்னொரு திணைக்களத்தின் எல்லைக்கல்லா?

2. விடயத்தைக் கேள்வியாக்குங்கள்

"வன்னியில் மணல் அகழ்வு" என்பது தலைப்பு. "இந்த ஆற்றில் அனுமதி கொடுத்த அளவு எவ்வளவு, ஏற்றிப் போகிற அளவு எவ்வளவு?" என்பது கேள்வி. கேள்வி வந்துவிட்டால் யாரிடம் போக வேண்டும், என்ன கடதாசி கேட்க வேண்டும், எங்கே நின்று எண்ண வேண்டும் என்பதெல்லாம் தானாக வரிசைக்கு வரும். உங்கள் கேள்வியை ஒரு வரியில் எழுத முடியவில்லை என்றால் இன்னும் வெளிக்கிடாதீர்கள்.

3. தகவல் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் எங்கள் ஆட்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி 3இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஊடக அடையாள அட்டை தேவையில்லை, இலங்கைக் குடிமகனாக இருந்தால் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்க முடியாது. தமிழில் எழுதலாம். அதற்கென்று படிவம் ஒன்று இருக்கிறது, அது இல்லாவிட்டால் வெறும் கடிதமும் செல்லும்.

தகவல் அலுவலர் உங்கள் கடிதம் கிடைத்ததை எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று சொல்ல வேண்டும், தருவதென்றால் அதற்குப் பிறகு 14 நாட்களுக்குள் தர வேண்டும். அளவு பெரிதென்றால் இன்னும் 21 நாள் எடுக்கலாம். மறுத்தால் அல்லது பேசாமல் இருந்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அவர் மூன்று கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் உரிமை ஆணைக்குழுவிடம் மேன்முறையீடு. ஒரு ஆளின் உயிரோடு சம்பந்தப்பட்ட தகவலென்றால் 48 மணித்தியாலம், ஆனால் அந்தப் பிரிவை உண்மையான அவசரத்துக்கு மட்டும் பாவியுங்கள்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. "மணல் கொள்ளையை ஏன் தடுக்கவில்லை?" என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் அது தகவல் கோரிக்கை இல்லை, குற்றச்சாட்டு. இப்படிக் கேளுங்கள்:

"2021 ஜனவரி 1 முதல் இன்று வரை இந்தப் பிரதேச செயலாளர் பிரிவுக்குள் மணல், கிரவல் அகழ்வதற்கு வழங்கிய அனுமதிப்பத்திரங்களின் பட்டியல்: இலக்கம், வழங்கிய திகதி, இடம், அனுமதித்த கியூப் அளவு, காலாவதித் திகதி. ஒவ்வொன்றுக்கும் விதித்த நிபந்தனைகளின் பிரதி. நிபந்தனை மீறியதற்காக இரத்துச் செய்தவை இருந்தால் அவற்றின் பட்டியல்."

இதில் அபிப்பிராயம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு சொல்லும் அவர்களின் கோவைக்குள் இருக்கிற ஒரு கடதாசியைச் சுட்டுகிறது. இதே கடிதத்தைப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். இரண்டு பதிலும் ஒத்துப் போகாத இடத்தில்தான் உங்கள் செய்தி இருக்கிறது. பதிவுத்தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை ஒட்டி வையுங்கள், பதில் வராவிட்டால் அந்தப் பற்றுச்சீட்டே ஆதாரம்.

பெரிய திட்டங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்களின் பார்வைக்கு 30 நாள் வைக்கப்பட வேண்டும். அந்த 30 நாளைத் தவறவிட்டால் பிறகு ஒவ்வொரு பக்கத்துக்கும் அலைய வேண்டும். அறிவிப்பு வந்தவுடன் அறிக்கையைப் போய்ப் பார்த்து, அனுமதித்தால் முழுவதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உங்கள் ஊரைப் பற்றி எழுதியிருப்பதை ஊருக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள். "இங்கே யானை வருவதில்லை" என்று எழுதியிருந்தால், நேற்று இரவு யானை முறித்த தென்னையைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்கலாம்.

4. சுகாதார எண்களை வாசிக்கப் பழகுங்கள்

சுகாதார அமைச்சின் நோய்த்தொற்றியல் பிரிவு வாராந்த அறிக்கை ஒன்றை வெளியிடுகிறது, இணையத்தில் இலவசம், ஆங்கிலத்தில் இருக்கும். பயப்படாதீர்கள், எண்களுக்கு மொழி பெரிதாகத் தேவையில்லை. அறிவிக்க வேண்டிய நோய்கள் மேலே வரிசையாக, சுகாதாரப் பிரிவுகள் இடப்பக்கம். கிளிநொச்சி, மன்னார், வவுனியா, முல்லைத்தீவு நான்குக்கும் தனித்தனி வரி. ஒவ்வொரு நோய்க்கும் கீழே ஏ, பி என்று இரண்டு நிரல்: ஏ அந்த வாரம் பதிவானது, பி வருடத் தொடக்கத்திலிருந்து சேர்ந்தது. இந்த இரண்டையும் குழப்பி, பி நிரலில் இருக்கிற எண்ணை "இந்த வாரம் மட்டும்" என்று தலைப்புப் போட்ட செய்திகள் நிறைய வந்திருக்கின்றன.

கடைசியில் டி (T), சி (C) என்று இரண்டு சதவீத நிரல் இருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் எங்களுக்கு அது முக்கியம். டி என்பது அறிக்கை உரிய நேரத்துக்கு வந்ததா, சி என்பது முழுமையாக வந்ததா. எங்கள் மாவட்டத்தில் சி குறைவாக இருந்தால், நோய் குறைந்தது என்று எழுத முடியாது. அறிக்கை வரவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் சிறிய எண்கள். முல்லைத்தீவு மாதிரிக் குடித்தொகை குறைந்த மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் இரண்டிலிருந்து நான்கானால் அது நூறு வீத அதிகரிப்பு. அப்படித் தலைப்புப் போட்டால் ஊர் பயந்து போகும், சுகாதார அதிகாரி உங்கள் தொலைபேசியை எடுக்கவும் மாட்டார். ஐந்து வருடத்தின் அதே மாதங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். காலபோக விதைப்போடும் மழையோடும் சேர்ந்து ஏறுகிறதா? ஏறுகிறதென்றால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை அந்த மாதத்துக்கு முன்பு கமக்காரருக்குத் தடுப்பு மாத்திரை கொடுத்ததா, எத்தனை பேருக்கு, எந்தக் கிராமத்துக்குக் கிடைக்கவில்லை? இங்கே நீங்கள் எண்ணிலிருந்து ஆட்களுக்கு வந்துவிட்டீர்கள்.

நல்ல செய்தியையும் எண்ணிலிருந்து எடுக்கலாம். ஒரு காலத்தில் வன்னியில் மலேரியா வராத வீடு இல்லை என்கிற நிலை. இலங்கைக்குள் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 அக்டோபரில் பதிவானார், 2016இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடென்று சான்று கொடுத்தது. அந்த வேலையைச் செய்த களப் பணியாளர்கள் இன்னும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள், அவர்களை யாரும் ஆறுதலாக இருத்திப் பேசவில்லை.

5. கிணற்று நீரைச் சோதிப்பதென்றால்

"தண்ணீர் சவர், வெள்ளைப் படிவு வருகிறது" என்று மக்கள் சொல்வது தொடக்கம். ஆய்வுகூடச் சீட்டு வந்தால்தான் அது செய்தி. நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். போவதற்கு முன்பு கேட்டுவிட்டுப் போங்கள், ஏனென்றால் கிருமிச் சோதனைக்குக் கிருமிநீக்கிய போத்தல் அவர்களிடமே வாங்க வேண்டும், நீரைக் குளிராக வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இரசாயனச் சோதனைக்குச் சுத்தமான பிளாஸ்டிக் போத்தலை அதே கிணற்று நீரால் மூன்று தரம் அலசிவிட்டு, விளிம்பு வரைக்கும் நிரப்புங்கள். போத்தலில் திகதி, நேரம், கிணற்றின் ஆழம், கடைசி மழை எப்போது என்று எழுதி ஒட்டுங்கள்.

சீட்டில் பல வரிகள் இருக்கும். எங்கள் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியவை புளோரைட், கடினத்தன்மை, நைத்திரேற்று. இலங்கைக் குடிநீர்த் தரநிர்ணயத்தில் புளோரைட்டுக்கு லீற்றருக்கு 1 மில்லிகிராம், மொத்தக் கடினத்தன்மைக்கு 250 மில்லிகிராம். புளோரைட்டுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு 1.5. எந்த அளவுகோலால் அளக்கிறீர்கள் என்று கட்டுரையில் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் மற்றப் பக்கம் மற்ற அளவுகோலை எடுத்துக்கொண்டு வரும். ஒன்றை வாசகருக்கு மறக்காமல் எழுதுங்கள்: கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைட் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். இதைத் தெரியாமல் வருத்தக்காரருக்கு நன்றாகக் காய்ச்சிக் கொடுக்கிற வீடுகள் இருக்கின்றன.

ஒரு கிணற்றை வைத்து ஊரைச் சொல்லாதீர்கள். பல கிணறு, மாரியிலும் கோடையிலும், ஆழமானதும் மேலோட்டமானதும். பிறகு சீட்டுகளைக் கொண்டுபோய் அறிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கின்றன, 2021இலிருந்து வவுனியாவுக்கும் தனிப் பல்கலைக்கழகம் உண்டு. அங்கே இருப்பவர்கள் இந்த மண்ணையும் நீரையும் ஆராய்கிறார்கள். தொலைபேசியில் ஒரு வரி கேட்காமல் நேரில் போய்ச் சீட்டை முன்னால் வையுங்கள்.

6. 'மர்மம்' என்று எழுதாதீர்கள்

2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்தன. முதல் நாளே மர்ம நோய் என்று பரவியது. மாதிரி எடுத்துப் பார்த்த பிறகு, நோய் இல்லை, திறந்த வெளியில் நனைந்து குளிர் தாங்காமல் செத்தவை என்று தெரிந்தது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலில் ஆட்கள் அடுத்தடுத்து இறந்தபோதும் அதே சொல்தான் தலைப்பில் வந்தது, சோதனை முடிவு எலிக்காய்ச்சல். முதல் நாளே "வெள்ளத்துக்குப் பிறகு காய்ச்சல் வந்தால் வயலுக்குப் போனதை வைத்தியரிடம் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தால் எத்தனை பேர் நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள்!

தெரியாததைத் தெரியாது என்றும், மாதிரி எங்கே போயிருக்கிறது, முடிவு எப்போது வரும் என்றும் எழுதுங்கள். முடிவு வந்த அன்று திரும்ப எழுதுங்கள். நடுவர்கள் இரண்டாவது செய்தியைத்தான் தேடுவார்கள்.

நோயாளிகளைப் பற்றி ஒரு கண்டிப்பான சொல். கையில் ஊசிக்குழாயோடு படுத்திருக்கிற ஐயாவைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கேட்டால் "எடுங்கோ தம்பி" என்றுதான் சொல்வார், உதவி வரும் என்ற நம்பிக்கையில். அதனால் படம் எங்கே வரும், யார் யார் பார்ப்பார்கள், மகளின் கலியாணப் பேச்சில் கூட இது வரலாம் என்பதைச் சொல்லிவிட்டுத் திரும்பக் கேளுங்கள். உதவி வாங்கித் தருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். முகம் இல்லாமலே சொல்லலாம்: கிளினிக் கொப்பியின் மூலை மடிந்த பக்கங்கள், பஸ் ரிக்கற்றுகளைச் சேர்த்துக் கட்டி வைத்த ரப்பர் வளையம். படம் பேசும்.

7. மேலேயிருந்து பாருங்கள்

காடு வெட்டினார்களா இல்லையா என்று வாக்குவாதம் வந்தால் செய்மதிப் படம் முடித்து வைக்கும். கூகிள் ஏர்த்தின் பழைய படங்களை ஆண்டு ஆண்டாகத் தள்ளிப் பார்க்கலாம். ஐரோப்பாவின் சென்டினல் 2 செய்மதிகள் ஐந்து நாளுக்கொரு தரம் அதே இடத்தைப் படமெடுக்கின்றன, கோப்பர்நிக்கஸ் உலாவியில் இலவசமாக எடுக்கலாம், ஒரு புள்ளி தரையில் 10 மீற்றர். தனி மரம் தெரியாது, ஓர் ஏக்கர் வெளியானால் தெரியும். மாரியில் முகில் மறைக்கும், ஆகவே ஒரே கோடை மாதத்தை ஒப்பிடுங்கள். படத்தில் கண்டதைத் தரையில் போய்ப் பாருங்கள், கூகிளில் காடு அழிந்த மாதிரித் தெரிவது வற்றிய குளத்தின் அலைகரையாகவும் இருக்கலாம்.

8. பாதுகாப்பு

2020 அக்டோபரில் முல்லைத்தீவு முறிப்பில் சட்டவிரோத மரம் வெட்டலைப் பார்க்கப் போன இரண்டு தமிழ் ஊடகவியலாளர்கள் தாக்கப்பட்டார்கள். மணலுக்கும் மரத்துக்கும் பின்னால் பணம் இருக்கிறது, அதனால் ஆபத்தும் இருக்கிறது. தனியாகப் போகாதீர்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டிலும் ஆசிரியர் பீடத்திலும் சொல்லுங்கள். படங்களை அந்த இடத்திலேயே வேறொரு இடத்துக்கு அனுப்பிவிடுங்கள், தொலைபேசி பறிபோனாலும் வேலை பறிபோகாது. டிப்பரை இரவில் துரத்த வேண்டாம், பகலில் தார்வீதிச் சந்திக் கடையில் தேத்தண்ணியோடு இருந்து எண்ணலாம். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைக்கு அப்பால் ஒரு படத்துக்காகவும் கால் வைக்காதீர்கள்.

உங்களுக்குத் தகவல் தந்த கமக்காரர் நீங்கள் போன பிறகும் அங்கேதான் இருக்கப் போகிறார். அவருடைய பெயரை எடுத்துவிட்டாலும், "குளத்தடியில் மூன்றாவது வீட்டுக்காரர்" என்று எழுதினால் ஊருக்குத் தெரியாதா?

9. உங்கள் பெயர் வரட்டும்

இது சின்ன விடயம் மாதிரித் தெரியும், ஆனால் விருதுக் கதவு அடைபடுவது இங்கேதான். பிரதேச நிருபர்களின் செய்தி "கிளிநொச்சி நிருபர்" என்றோ பெயரே இல்லாமலோ வருகிறது. பெயர் இல்லாத செய்தியை உங்களுடையது என்று எப்படி நிரூபிப்பீர்கள்? நீண்ட கட்டுரை கொடுக்கும்போதே பெயரோடு போடச் சொல்லிக் கேளுங்கள். வெட்கப்படாதீர்கள், உழைப்புக்குக் கேட்கிற பெயர். பாதுகாப்புக் காரணத்தால் பெயர் போட முடியாவிட்டால், இதை எழுதியவர் இன்னார் என்று ஆசிரியரிடம் கையொப்பத்தோடு கடிதம் அன்றைக்கே வாங்கி வையுங்கள். ஒரு வருடம் கழித்து ஆசிரியர் மாறியிருப்பார்.

வெளியான அன்றே செய்ய வேண்டியவை: பத்திரிகையின் முழுப் பக்கம், திகதி தெரிய, கசங்காமல் இரண்டு பிரதி, மின்பத்திரிகையின் பிடிஎப், இணையத்தில் வந்தால் இணைப்போடு இணையக் காப்பகத்தில் சேமித்த பிரதி. தமிழ்ச் செய்தித் தளங்கள் வடிவம் மாற்றுகிறபோது பழைய இணைப்புகள் செத்துப் போகின்றன, நடுவர் அழுத்துகிறபோது வெறும் பக்கம் வரக்கூடாது.

பிறகு நடந்ததையும் அதே கோவைக்குள் போடுங்கள். பிரதேச சபையில் உறுப்பினர் ஒருவர் உங்கள் கட்டுரையைத் தூக்கிக் காட்டிப் பேசினாரா, பழுதான நீர் நிலையம் திருத்தப்பட்டதா, ஓர் அனுமதி இரத்தானதா? திகதியோடு, படத்தோடு, கடிதத்தோடு. ஒன்றும் நடக்கவில்லை என்றால் அதுவும் ஒரு கட்டுரை: "ஆறு மாதத்துக்கு முன்பு சொன்னது, இன்றைக்கும் அப்படியே."

10. எந்த விருதுக்கு அனுப்புவது?

முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் தொடங்குங்கள். இலங்கைப் பத்திரிகை ஆசிரியர் சங்கமும் இலங்கைப் பத்திரிகை ஸ்தாபனமும் சேர்ந்து நடத்தி வருகிற சிறந்த ஊடகவியலாளர் விருதுகளுக்குத் தமிழிலேயே அனுப்பலாம். மூன்று மொழிக்கும் இடம் உண்டு. அதில் இளம் ஊடகவியலாளருக்கு டென்சில் பீரிஸ் பெயரிலும், விசேட சூழ்நிலையில் செய்தி சேகரித்ததற்குப் பேராசிரியர் கைலாசபதி பெயரிலும் விருதுகள் வழங்கப்பட்டு வந்திருக்கின்றன. தினகரன் ஆசிரியராக இருந்த கைலாசபதியின் பெயரில் உள்ள விருதுக்கு வன்னியிலிருந்து வெள்ளத்துக்குள் நின்று எழுதியவர்கள் அனுப்பாமல் வேறு யார் அனுப்புவது?

வெளிநாட்டு விருதுகளில், காலநிலைச் செய்திக்கென்று 2021இல் தொடங்கியது கவரிங் கிளைமேட் நவ் விருது. உலகின் எந்த மூலையிலிருந்தும் அனுப்பலாம், கட்டணம் இல்லை, ஆங்கிலம் அல்லாத கட்டுரைக்கு மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். வெப்பத்தில் கமவேலை, வெள்ளத்துக்குப் பிறகு நோய், வரட்சியும் குடிநீரும் போன்றவை அதற்கு நன்றாகப் பொருந்தும். கேர்ட் ஷோர்க் விருதில் சொந்த நாட்டைப் பற்றி எழுதுகிற உள்ளூர் ஊடகவியலாளருக்கென்றே தனிப் பிரிவு உண்டு. ஒரு கட்டுரை இல்லாமல் மூன்று கட்டுரை கேட்பது அவர்கள் வழக்கம், ஒரே விடயத்தை ஒரு வருடம் பின்தொடர்ந்தவருக்கு அந்த மூன்றும் கையில் இருக்கும். ஏஎப்பி செய்தி நிறுவனம் 2008இலிருந்து கொடுக்கிற கேட் வெப் பரிசு ஆசிய பசிபிக் பகுதியில் ஆபத்தான அல்லது கடினமான சூழலில் வேலை செய்கிற உள்ளூர் ஆட்களுக்கு. உலகப் புலனாய்வு ஊடக வலையமைப்பின் குளோபல் ஷைனிங் லைட் விருது இரண்டு வருடத்துக்கொரு தரம், அச்சுறுத்தலுக்கு நடுவில் செய்த புலனாய்வுக்கு. அதில் 20 பேருக்கு மேற்படாத சிறிய ஊடகங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது.

ஆசியப் பதிப்பாளர் சங்கத்தின் சோப்பா விருது பெரிய பெயர்தான், ஆனால் தமிழுக்கு அங்கே பிரிவு இல்லை, கட்டணமும் உண்டு. நேரத்தை அதில் செலவழிக்க வேண்டாம்.

விருதோடு மானியத்தையும் பாருங்கள். ஊடகங்களுக்கு உதவுகிற இன்டர்நியூஸ் நிறுவனத்தின் ஏர்த் ஜேர்னலிசம் நெட்வேர்க் 2004இலிருந்து சுற்றாடல் ஊடகவியலாளருக்குப் பயிற்சியும் கட்டுரை மானியமும் கொடுத்து வருகிறது. எரிபொருளும் ஆய்வுகூடக் கட்டணமும் கையிலிருந்து போடுகிற நிருபருக்கு, எழுதி முடித்த பிறகு வருகிற கேடயத்தைவிட எழுதுவதற்கு முன்பு வருகிற பணம் பெரிய உதவி என்பது என் எண்ணம்.

நிபந்தனைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அந்த அந்த ஆண்டின் அறிவிப்பை அவர்களின் சொந்தத் தளத்தில் வாசியுங்கள், வட்ஸ்அப்பில் வந்த படத்தை நம்பி அனுப்பாதீர்கள். குறிப்பாக எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிக்குள் வெளியான கட்டுரை என்பதைப் பாருங்கள். "நீங்கள் தெரிவாகிவிட்டீர்கள், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்று வருகிற எதுவும் விருது இல்லை.

11. விண்ணப்பத்தை எழுதுதல்

பெரும்பாலும் 150இலிருந்து 300 சொல்லுக்குள் ஒரு சுருக்கம் கேட்பார்கள். நிறையப் பேர் இப்படித் தொடங்குகிறார்கள்: "போரால் பாதிக்கப்பட்ட வன்னி மக்களின் சொல்லொணாத் துயரத்தை உலகுக்கு எடுத்துச் சொல்லும் நோக்கில்..." மனத்திலிருந்து வருகிற வரிதான், ஆனால் நடுவருக்கு இதில் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. ஒரு கற்பனை உதாரணத்தைப் பாருங்கள்: "எங்கள் பிரிவில் குடிநீருக்காகத் திறந்த ஆர்.ஓ. நிலையங்களில் எத்தனை இயங்குகின்றன என்று எந்த அலுவலகத்திலும் ஒரே பட்டியல் இல்லை. தகவல் உரிமைக் கோரிக்கைகள் மூலமும் ஒவ்வொரு நிலையத்துக்கும் நேரில் போயும் நான் அந்தப் பட்டியலைச் செய்தேன். பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தன. கட்டுரை வந்த பிறகு பிரதேச செயலகம் திருத்த வேலைக்கு உத்தரவிட்டது, கடிதம் இணைப்பில்." கண்டது, கண்ட விதம், நடந்தது. அவ்வளவும் நான்கு வரிக்குள்.

ஆங்கில மொழிபெயர்ப்புக்குக் கணினியைத் தொடக்கத்துக்கு மட்டும் பாவியுங்கள், கடைசி வாசிப்பு ஊரைத் தெரிந்த ஓர் ஆங்கில ஆசிரியரிடமோ புலம்பெயர்ந்த உறவினரிடமோ போகட்டும். வெளிநாட்டு நடுவருக்குச் சிறுபோகமும் தெரியாது, கிராம சேவகரும் தெரியாது, ஒரு வரியில் விளக்குங்கள். தமிழில் இல்லாத எதையும் மொழிபெயர்ப்பில் சேர்க்கக் கூடாது. கூட்டாக வேலை செய்திருந்தால் படம் எடுத்தவரின் பெயரும் ஒளிப்பதிவாளரின் பெயரும் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும். கடைசி நாள் இரவு வைக்காதீர்கள், கடும் மழையில் எங்கள் பக்கத்து இணையம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

12. அனுப்பிய பிறகு

கட்டுரை வந்த பத்திரிகையில் சில பிரதிகளை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போங்கள். பேசியவர்களுக்கு ஒன்று, கமக்காரர் அமைப்புக்கு ஒன்று, பாடசாலை நூலகத்துக்கு ஒன்று, உங்களுக்குச் சீட்டைப் பார்த்து விளக்கிய விரிவுரையாளருக்கு ஒன்று. கிணற்று நீரைச் சோதித்தீர்களென்றால் அந்தந்த வீட்டுக்கு முடிவை எழுத்தில் கொடுப்பது உங்கள் கடமை, விருது வந்தாலும் வராவிட்டாலும். விருதுப் பட்டியலில் பெயர் வந்தால், அந்த வாரமே அடுத்த தகவல் கோரிக்கைகளைப் பதிவுத்தபாலில் போட்டுவிடுங்கள். பெயர் பேசப்படுகிற நாட்களில் அலுவலகங்களிலிருந்து பதில் கொஞ்சம் வேகமாக வரும்.